சரண்டர்



போன வாரம் பேரன் போன் செய்தான். பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஆங்கிலப் பாடத்தில் ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்று ஒரு பகுதி இருக்கிறதல்லவா, அதில் வீட்டுப்பாடம்.

“தாத்தா, ‘கிவ் அப்’புக்கு அதே அர்த்தம் வர்ற வார்த்தை அஞ்சு எழுதணும். ‘சரண்டர்’, ‘க்விட்’ ரெண்டும் தெரியும். மிச்சம் சொல்லுங்க.”

“‘யீல்ட்’ எழுது. ‘கிவ் இன்’ எழுது, ஆனா அது கொஞ்சம் வேற மாதிரி. ‘கெபிட்யுலேட்’னு ஒண்ணு இருக்கு, ஸ்பெல்லிங் பாத்து எழுதுப்பா.”

“வாக்கியத்துலயும் அமைக்கணும். அதை நானே எழுதிட்டேன். ‘என் தாத்தா இந்த வருஷம் ஸ்கூட்டரை கிவ் அப் செய்ய வேண்டும்.’ சரியா தாத்தா?”

பின்னால் என் மகன் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு 76 வயது. இரண்டு மாதம் முன்பு கடைத்தெருவில் மணலில் வண்டி சறுக்கி முழங்கையில் சிராய்ப்பு. அன்று முதல் வீட்டில் இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. “இலக்கணம் சரி, கருத்து தப்பு” என்று சொல்லி போனை வைத்தேன்.

ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை கதை இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் போல அரசு வேலையில் இருந்தவர்களுக்கு ‘சரண்டர்’ என்ற சொல் போர்க்களத்திலிருந்து வரவில்லை. சம்பளப் பட்டியலிலிருந்து வந்தது. கருவூலத்தில் 33 வருஷம் வேலை பார்த்தேன். ஈட்டிய விடுப்பில் வருஷத்துக்கு 15 நாளை ஒப்படைத்துவிட்டு அதற்கு ஈடான சம்பளத்தை வாங்கிக்கொள்ளலாம். ‘சரண்டர் பில்’ என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அந்த பில்கள் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும். யாரிடமும் தோற்காமலே வருஷா வருஷம் சரண்டர் செய்து, பிள்ளைகளுக்குப் புத்தகமும் சீருடையும் வாங்கிய கூட்டம் நாம். ஆயுள் காப்பீட்டு பாலிசியை நடுவில் முறித்துப் பணம் வாங்கினாலும் ‘சரண்டர்’தான். 2015-இல் சமையல் எரிவாயு மானியத்தை வசதி உள்ளவர்கள் விட்டுக்கொடுங்கள் என்று மத்திய அரசு கேட்டபோது, அந்த இயக்கத்துக்கு வைத்த பெயரே ‘கிவ் இட் அப்’.

இந்த ஆங்கிலச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ‘கிவ் அப்’ என்றால் முயற்சியை நிறுத்துவது, பழக்கத்தை விடுவது, தன்னைத் தானே ஒப்படைப்பது. சிகரெட்டை ‘கிவ் அப்’ செய்யலாம். தேடப்படும் ஆள் போலீசில் போய்த் தன்னை ‘கிவ் அப்’ செய்துகொள்ளலாம். ‘கிவ் இன்’ என்றால் எதிராளியின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் போவது. பேரன் அழுது அழுது போனை வாங்கிவிட்டால் அவன் அம்மா ‘கிவ் இன்’ செய்துவிட்டாள். ‘யீல்ட்’ என்பது வளைந்துகொடுப்பது. ‘கெபிட்யுலேட்’ லத்தீனிலிருந்து வந்தது. தலைப்புத் தலைப்பாக நிபந்தனைகளை எழுதி ஒப்புக்கொள்வது என்பது அதன் மூலப் பொருள். ‘சரண்டர்’ பழைய பிரெஞ்சுச் சொல். கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவது என்று பொருள்.

நம் தமிழிலும் இந்த வித்தை உண்டு. ‘கொடு’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கைகொடுத்தால் உதவி. ஈடுகொடுத்தால் வீரம். காட்டிக்கொடுத்தால் துரோகம். விட்டுக்கொடுத்தால் பெருந்தன்மை. ‘விடு’ என்பதும் அப்படித்தான். சிகரெட்டை விட்டால் பாராட்டுவார்கள், பெற்றவர்களைக் கைவிட்டால் ஊரே தூற்றும்.

ஆனால் தோற்ற படைக்கு நாம் சொல்லும் சொல் வேறு. ‘சரணடைந்தது’ என்கிறோம். ‘சரண்டர்’, ‘சரண்’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் உறவு கிடையாது. சரண் என்றால் புகலிடம், அடைக்கலம். ஆங்கிலச் சொல் கொடுக்கிற கையைப் பார்க்கிறது. நம்முடைய சொல் வாங்குகிற கையைப் பார்க்கிறது. விபீஷணன் வந்து நின்றபோது விவாதம் நடந்தது ராமனுடைய பக்கத்தில்தான்: இவனை ஏற்பதா, வேண்டாமா? சிலப்பதிகாரத்தில் கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி என்ற இடைச்சி, காக்க முடியாமல் போனதே என்று கடைசியில் தீயில் விழுந்தாள். அடைக்கலம் கேட்டவனைவிட கொடுத்தவனுக்குத்தான் பொறுப்பு அதிகம் என்பது நம் ஊர்க் கணக்கு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வரலாற்றில் நடந்த சில சரண்டர்களைப் பார்ப்போம்.

முதலில் அமெரிக்க உள்நாட்டுப் போர். 1862 பிப்ரவரியில் டென்னசி மாநிலத்தில் டோனல்சன் கோட்டையை வடக்குப் படைத்தளபதி கிராண்ட் முற்றுகையிட்டார். உள்ளே இருந்த தென்பகுதித் தளபதி பக்னர், “என்ன நிபந்தனை தருவீர்கள்?” என்று கேட்டு எழுதினார். இருவரும் ராணுவக் கல்லூரி நாள் முதல் நண்பர்கள். 1854-இல் கிராண்ட் ராணுவ வேலையை விட்டுவிட்டுக் கையில் காசில்லாமல் நியூயார்க்கில் தவித்தபோது கைகொடுத்தவர் இதே பக்னர். ஆனாலும் கிராண்ட் எழுதிய பதில்: நிபந்தனை எதுவும் கிடையாது, உடனடியாக முழுச் சரண். கிராண்டின் பெயரின் முதலெழுத்துகள் யூ, எஸ். ‘அன்கண்டிஷனல் சரண்டர்’ என்பதற்கும் அதே எழுத்துகள்தான். அந்தப் பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பெருந்தன்மை இல்லாத பதில் என்று பக்னர் மனம் வெதும்பி எழுதினார். எழுதிவிட்டுச் சரணடைந்தார்.

மூன்று வருஷம் கழித்து, 1865 ஏப்ரல் 9. வர்ஜீனியாவில் அப்பொமாட்டக்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டு முன்னறை. தென்பகுதியின் பெரிய தளபதி லீ புதுச் சீருடையும் வாளுமாக வந்து உட்கார்ந்திருந்தார். கிராண்ட் சேறு படிந்த பூட்சோடு வந்தார். ‘நிபந்தனை இல்லை’ என்று பெயர் வாங்கிய மனிதர் அன்று கொடுத்தவற்றைப் பாருங்கள். இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அதிகாரிகள் இடுப்பு ஆயுதத்தை வைத்துக்கொள்ளலாம். தென்பகுதிக் குதிரைப்படையினர் சொந்தக் குதிரையோடு போருக்கு வந்தவர்கள்; அது உழவுக் காலம், ஆகவே குதிரைகளைக் கொண்டுபோகலாம். பட்டினி கிடந்த லீயின் வீரர்களுக்கு 25,000 பேருக்கான உணவு உடனே அனுப்பப்பட்டது. செய்தி கேட்டு வடக்குப் படையினர் பீரங்கி வெடித்துக் கொண்டாடத் தொடங்கியபோது, அதை நிறுத்தச் சொன்னார் கிராண்ட்.

மறுநாள் லீ தன் படைக்கு ஒரு விடைபெறும் உத்தரவு எழுதினார். அதில் ‘சரண்டர்’ என்ற சொல்லே இல்லை. ‘யீல்ட்’ என்ற சொல்தான் இருக்கிறது. பெரும் எண்ணிக்கைக்கும் வளத்துக்கும் முன்னால் வளைந்துகொடுக்க வேண்டியதாயிற்று என்ற பொருளில் எழுதியிருக்கிறார். தோற்றவன் சொல்லைத் தேடித் தேடிப் பொறுக்குவான். அது அவன் மானம். ஜெயித்தவன் அதை அனுமதித்தான். அது அவன் குணம். பக்னர் கதையும் நல்லபடியாகவே முடிந்தது. 1885-இல் கிராண்ட் இறந்தபோது சவப்பெட்டிக்குத் துணையாக நடந்த பெரியவர்களில் பக்னரும் ஒருவர்.

அடுத்தது நம் ஆட்களின் கதையும் கலந்த இடம், சிங்கப்பூர். 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாள். புக்கித் தீமாவில் இருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலைக்கு பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் நடந்தே வந்தார். பக்கத்தில் வந்த அதிகாரிகள் ஒருவர் கையில் பிரிட்டிஷ் கொடி, இன்னொருவர் கையில் வெள்ளைக்கொடி. எதிரே ஜப்பானியத் தளபதி யமாஷிதா. யமாஷிதாவின் படை பிரிட்டிஷ் படையைவிடச் சிறியது, குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன. அது தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே அவர் மேசையைத் தட்டி, சரணடைகிறீர்களா இல்லையா, ஒரே பதில் சொல்லுங்கள் என்று மிரட்டினார். பெர்சிவல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு கேட்டார். பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. கையெழுத்தானது. இரவு எட்டரை மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்களை உட்காரவைத்தார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி எழுந்து, இனி நீங்கள் ஜப்பானியருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று சொல்லி அவர்களை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஹேண்ட் ஓவர்’ என்று பெயர். தாங்கள் ஆடுமாடு போலக் கைமாற்றப்பட்டோம் என்று அங்கே இருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். அந்த அவமானமும் இந்திய தேசிய ராணுவம் உருவாக ஒரு காரணம். தான் சரணடைவது வேறு, தன்னைக் கேட்காமல் இன்னொருவன் சரணாக எழுதிக்கொடுப்பது வேறு.

வாங்கிய கை எப்படி நடந்துகொண்டது? ஜப்பானிய ராணுவத்துக்கு 1941 ஜனவரியில் ஒரு நடத்தை விதி வந்திருந்தது. உயிரோடு பிடிபடும் அவமானத்தை ஏற்காதே என்பது அதன் சாரம். அப்படி வளர்க்கப்பட்டவன் கண்ணுக்கு, தன்னிடம் சரணடைந்தவன் மனுஷனாகவே தெரியவில்லை. சில நாட்களுக்குள் சிங்கப்பூர்ச் சீன ஆண்களைச் சல்லடை போட்டுப் பிரித்து ஆயிரக்கணக்கில் சுட்டார்கள். பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களுக்காவது இன்று காஞ்சனபுரியில் பெயர் வெட்டிய கல்லறைகள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

என் பெரியப்பா அந்தப் பாதையில் வேலை செய்தவர். 1937-இல் பால்மரம் சீவ மலாயா போனார். மூணு மாச வேலை என்று சொல்லித் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றினார்களாம். போர் முடிந்து 1946-இல் நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது, அழைத்துவரப் போன அப்பாவுக்கே அண்ணனை அடையாளம் தெரியவில்லை. நான் பிறந்தது அதற்குப் பிறகு. அந்தக் காலத்தைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. சாப்பிட்ட இலையில் ஒரு பருக்கை இருந்தால் மட்டும் கோபம் வரும். ஒரே ஒரு தடவை, நான் பள்ளிப் பாடத்தில் சிங்கப்பூர் வீழ்ச்சியைப் பற்றிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது திண்ணையிலிருந்து சொன்னார்: “வெள்ளைக்காரன் மேசையில உக்காந்து கையெழுத்துப் போட்டான். அதுக்கு நாங்க போயி மண்ணு வெட்டினோம்.”

போர் முடிவில் சக்கரம் திரும்பியது. 1945 ஆகஸ்ட் 15 நண்பகல், ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிடோவின் குரல் முதல் முறையாக வானொலியில் வந்தது. அரண்மனைப் பழந்தமிழ் போல அது ஒரு அரண்மனை ஜப்பானிய மொழி. சாதாரண ஜனங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. அந்த உரையிலும் ‘சரண்’ என்ற சொல் கிடையாது. போர் நிலவரம் நமக்குச் சாதகமாக அமைந்துவிடவில்லை என்ற தோரணையில் சுற்றி வளைத்துப் பேசினார். இன்றும் அங்கே அதைத் தோல்வி நாள் என்று சொல்வது குறைவு, ‘போர் முடிந்த நாள்’ என்றே சொல்கிறார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி மிசௌரி கப்பலில் ஜப்பான் கையெழுத்திட்டபோது, அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் தன் பின்னால் நிறுத்திவைத்தவர்களில் சிறையிலிருந்து மீண்ட பெர்சிவலும் ஒருவர். மறுநாள் பிலிப்பைன்ஸில் யமாஷிதா சரணடைந்தபோதும் பெர்சிவல் அந்த அறையில் இருந்தார்.

சொல்லே வாழ்க்கையைத் தின்றுவிட்ட கதையும் உண்டு. ஹிரோ ஓனோடா என்ற ஜப்பானிய அதிகாரியை 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்கு அனுப்பினார்கள், எக்காரணம் கொண்டும் சரணடையாதே என்ற உத்தரவோடு. போர் முடிந்துவிட்டது என்று துண்டறிக்கை போட்டார்கள், ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எல்லாம் எதிரியின் தந்திரம் என்று காட்டிலேயே இருந்தார். 1974 மார்ச்சில் அவருடைய பழைய மேலதிகாரியையே தேடிக் கூட்டிவந்து, ‘உன் கடமை முடிந்தது’ என்று உத்தரவு வாசிக்க வைத்த பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார். ஏறக்குறைய 29 வருஷம். பலர் அவரை வீரர் என்று புகழ்ந்தார்கள். அந்த வருஷங்களில் அவர் கூட்டத்தால் உயிர் இழந்த தீவுவாசிகளின் குடும்பங்கள் என்ன நினைத்திருக்கும்? விடாப்பிடியும் எல்லா நேரத்திலும் நல்ல குணமாகிவிடாது.

கடைசியாக, நம்மில் பலர் காதால் கேட்ட சரண்டர். 1971 டிசம்பர் 16. டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு சாதாரண மேசை. பாகிஸ்தான் தளபதி நியாசி, நம் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா. 93,000 பேர் நம் கைக்கு வந்தார்கள். நான் பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. செய்தி முடிந்ததும் ஒரே கைதட்டல், விசில். நான் ஓடிப்போய்த் திண்ணையில் இருந்த பெரியப்பாவிடம் சொன்னேன்: “பெரியப்பா, பாகிஸ்தான்காரன் சரண்டர்! 93,000 பேரு!”

அவர் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “அத்தனை பேருக்கும் சோறு போடுவாங்களாடா?”

அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நாடே கொண்டாடும்போது இவர் எதிரிக்குச் சோறு கேட்கிறாரே என்று. அவர் போய்ப் பல வருஷம் கழித்து அந்தச் சரண் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்தேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சின்ன ஒப்பந்தம். அதில் அரோரா உறுதி கொடுக்கிறார்: சரணடைபவர்கள் ஜெனீவா ஒப்பந்தப்படி ராணுவத்தாருக்கு உரிய கண்ணியத்தோடு நடத்தப்படுவார்கள், அவர்கள் பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. டாக்காவில் அதற்கு முன் ஒன்பது மாதம் நடந்த கொடுமைகள் உலகத்துக்கே தெரியும். ஆத்திரம் கொதித்துக்கொண்டிருந்த ஊர் அது. அந்த ஊரில் நின்றுகொண்டு அப்படி ஒரு வரி எழுதினார்கள். கைதிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து முகாம்களில் வைத்து, பேச்சுவார்த்தைகள் முடிந்து 1974 ஏப்ரலுக்குள் திருப்பி அனுப்பினார்கள். பெரியப்பா கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் காகிதத்தில் இருந்தது. அப்போதே அது எனக்குத் தெரிந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன். அந்த ஒரு குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

தோற்பவன் ‘யீல்ட்’ என்று சொல்லிக்கொள்ளட்டும், ‘போர் முடிந்தது’ என்று சொல்லிக்கொள்ளட்டும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சரண்டர் நல்லதாக முடிந்ததா, கெட்டதாக முடிந்ததா என்பதை வாங்கியவன்தான் தீர்மானிக்கிறான். அப்பொமாட்டக்ஸில் சோறு வந்தது. சிங்கப்பூரில் மண்வெட்டி வந்தது. ‘சரண்’ என்ற சொல்லைப் படைத்த நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் யோசித்த பிறகு ஸ்கூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகனும் பேரனும் வந்திருந்தார்கள். சாவியை மேசைமேல் வைத்தேன். “இது சரண்டர் இல்லை, விட்டுக்கொடுக்கிறேன்” என்று சொன்னேன். “நிபந்தனை உண்டு. வெள்ளிக்கிழமை நூலகம், மாதம் ஒரு தடவை கருவூலத்து நண்பர்களோடு பென்ஷனர் சங்கக் கூட்டம். கூட்டிப்போக ஆள் வேண்டும்.” மகன் தலையாட்டினான். ஒரு தாளில் ஒன்று, இரண்டு என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

பேரன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “தாத்தா, தலைப்புப் போட்டு நிபந்தனை எழுதினா அதுக்குப் பேரு ‘கெபிட்யுலேட்’னு நீங்கதானே சொன்னீங்க?”

ஸ்பெல்லிங்கும் சரியாகச் சொன்னான். போன வெள்ளிக்கிழமை மகன் ஆறு மணிக்கு வரவேண்டியவன் ஆறே கால் மணிக்கு வந்தான். வந்துவிட்டான், அது போதும்.